தச்சனுக்குத் தச்சுக் கழிப்பது யார்?

செத்துப் போனவர்களைப்பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, உயிரோடிருந்தபோது அவருக்கில்லாத குணங்களையெல்லாம் செத்தபின் அவர் தலையில் ஏற்றி வைப்பார்கள். மற்றொன்று, "இறைவனடி சேர்ந்தார்" என்று ஒரு வார்த்தையைப் போட்டு, அவர் எதனால் செத்தார், சாகாமலிருந்திருக்க முடியுமா என்கின்ற கேள்வியை அந்த அடிக்குக் கீழேயே புதைத்து விடுவார்கள். நான் இந்த இரண்டையும் செய்யப் போவதில்லை.

என் அண்ணன் 2024-ஆம் ஆண்டில், தமது 53-ஆவது வயதில் செத்துப் போனார். அவர் மகானும் அல்ல, தியாகியும் அல்ல. சத்திரம் கட்டியவரோ, குளம் வெட்டியவரோ அல்ல. 40 வருஷ காலம் மரத்தை அறுத்தும், இழைத்தும், துளைத்தும் பிறருக்குக் கதவும் கட்டிலும் செய்து கொடுத்து, அந்தக் கூலியில் எங்களை ஆளாக்கிய ஒரு தச்சுத் தொழிலாளி, அவ்வளவுதான். ஆனாலும், அவர் வாழ்ந்த வாழ்வையும் அடைந்த சாவையும் சற்று அறிவைக்கொண்டு யோசித்துப் பார்த்தால், இன்றைக்கும் உளி பிடித்துக் கொண்டிருக்கிறவர்களுக்குப் பிரயோஜனப்படக்கூடிய சங்கதிகள் அதில் இருக்கின்றன. அதற்காகவே இதை எழுதுகிறேன். அழுவதற்காக மாத்திரம் எழுதுவதென்றால் அதை வீட்டிலேயே செய்து கொள்ளலாம்.

எங்கள் ஊர் தாராபுரத்துப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். எங்கள் குடும்பம் பண்ணையத்தில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம். தச்சு வேலைக்கும் எங்கள் வம்சத்துக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. 1984-இல் எங்கள் தகப்பனார் காலமானபோது அண்ணனுக்கு வயது 13, எனக்கு 4, நடுவில் இரண்டு அக்காமார். பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. பண்ணையத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகமாட்டேனென்று சொல்லிவிட்டு, உடுமலைப்பேட்டையிலே ஒரு தச்சுப் பட்டறையில் போய் நின்றார்.

பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன ஆளுங்க?" என்பதுதான். சொன்னதும், "எங்க குலத்துல பொறந்தவனுக்குத்தான்டா உளி பேசும், உனக்குப் பேசாது. வேணும்னா கூட்டிப் பெருக்கு" என்றாராம். அண்ணன் மூன்று வருஷம் கூட்டிப் பெருக்கினார். இழைப்புச் சுருளை அள்ளிக் கொட்டினார், வச்சிரம் காய்ச்சினார், உளிகளைச் சாணைக்கல்லில் தீட்டினார். மற்றவர்கள் வீட்டுக்குப் போனபின், வெட்டி எறிந்த துண்டு மரங்களை எடுத்து வைத்துக்கொண்டு துளையும் கழுந்தும் வெட்டிப் பழகினார். கழுந்து துளைக்குள் தளர்ந்து போனால் துண்டைத் தூக்கி அடுப்பில் போடுவார். இறுகிப் போனாலும் அடுப்பில் போடுவார். தட்டினால் நுழைய வேண்டும், இழுத்தால் வரக்கூடாது. அந்த மட்டம் வருகிற வரையில் விடமாட்டார்.

நான்காவது வருஷத்தில் ஒரு நாள் பட்டறைக்காரர் ஒரு மேஜையைப் பார்த்து, இழுப்பறையை இழுத்தும் தள்ளியும் பார்த்துவிட்டு, "இந்த அறை யார் செஞ்சது? நானா, என் மகனா?" என்று கேட்டிருக்கிறார். செய்தது கூட்டிப் பெருக்குகிற பையன். அதற்குப் பின்தான் அவர் கையில் உளியைக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், பிற்காலத்தில் தம் மகனைவிட என் அண்ணனையே அதிகமாக நம்பினார். ஆனால் நான் கேட்பதெல்லாம் என்னவென்றால், உளி குலத்தைக் கேட்டுக்கொண்டுதான் பேசுமென்பது உண்மையானால், அந்த இழுப்பறை எப்படிப் பேசிற்று? செய்த கையைப் பார்க்காமல் செய்த வேலையை மட்டும் பார்த்தபோது, அந்தத் தொழிலிலேயே பிறந்து வளர்ந்தவருக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லையே! அப்படியிருக்க, குலம் என்பது மரத்திலா இருக்கிறது, உளியிலா இருக்கிறது, அல்லது பார்க்கிறவன் புத்தியில் இருக்கிறதா?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1953-ஆம் ஆண்டில் சென்னை மாகாண முதல் மந்திரியாயிருந்த இராஜகோபாலாச்சாரியார், பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும், மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடு முழுதும் எதிர்ப்புக் கிளம்பி, 1954-இல் காமராஜர் முதல் மந்திரியான பிறகு அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் என் அண்ணன் என்ன கற்றிருப்பார்? தச்சு கற்றிருப்பாரா? மாட்டார். களை பறிக்கக் கற்றிருப்பார். ஏனெனில் எங்கள் தகப்பன் தொழில் அதுதான். குலத்தொழில் கல்வி தொழிலை வளர்க்கும் என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல தச்சன் ஆகக்கூடிய ஒருவனைத் தச்சனாக விடாமல் தடுப்பதும் அந்தக் கல்வியின் வேலைதான்.

நிற்க. அண்ணன் தொழிலாளியான பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. அக்காமார் இருவருக்கும் கலியாணமாயிற்று. நான் பத்தாவது வரையில் படித்தேன். அதற்குமேல் நான் கற்றதெல்லாம் வாசகசாலையிலும், அவர் எனக்கு மாம்பலகையில் செய்து கொடுத்த ஒரு புத்தக அலமாரியிலும்தான். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இழைத்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிப்பேன். பிடித்த இடம் வந்தால் இழைப்புளி நின்றுவிடும். "இன்னொருக்கா படி தம்பி" என்பார். பிடிக்காத இடம் வந்தால் இழைப்புளியின் சத்தம் அதிகமாகும். இவ்வளவுதான் அவருடைய விமரிசனம். நான் மேடையில் பேசுகிற பேச்சுகளில் பாதி, அந்த இழைப்புளி நின்ற இடங்களைத் தெரிந்துகொண்டு பேசுகிறவைதாம்.

வேலையில் மிச்சம் விழுகிற துண்டுகளை அவர் விறகுக்குக் கொடுக்கமாட்டார். பம்பரம் கடைவார், நடைவண்டி செய்வார். தெருவில் எந்த வீட்டில் பிள்ளை எழுந்து நிற்க ஆரம்பித்தாலும், கேளாமலே ஒரு நடைவண்டி அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும். அந்தப் பிள்ளை எந்தச் சாதி என்று அவர் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து, அவர் எந்தச் சாதி என்று கேட்டதுண்டு. இதுதான் நம் நாட்டின் யோக்கியதை.

வேலைத்தலத்தில் அவரை "ஆசாரி" என்றுதான் அழைப்பார்கள். ஊருக்குள் வந்தால் பழைய பேர்தான். ஒரு வீட்டுக்குத் தலைவாசல் நிலையும் கதவும் அவரே செய்தார். தேக்கு மரம், மூன்று மாத வேலை. வேலை முடிந்து கூலி வாங்கப் போன அன்று, புறக்கடை வழியாக வரச் சொன்னார்கள். தாம் செய்த கதவு வழியாகத் தாமே நுழைய முடியாத மனிதனைப்பற்றி வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் அதற்காகக் கூச்சல் போடவில்லை, கூலியையும் விடவில்லை. "கதவுக்கு வெக்கமா இருக்காது? நான் வெளிய நின்னா எனக்கென்னங்க?" என்று சொல்லிவிட்டு, தலைவாசலிலேயே நின்று கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தார்.

வாஸ்துக்காரர்களிடம் அவருக்கு மரியாதை கிடையாது. நிலை வைத்த பிறகு ஒரு ஜோசியர் வந்து, வாசலை ஒரு சாண் தள்ளி வைக்காவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்றாராம். அண்ணன் தூக்குக்குண்டையும் மூலைமட்டத்தையும் அவர் கையில் கொடுத்து, "எங்க கோணலா இருக்குதுன்னு காட்டுங்க சாமி, இப்பவே எடுத்து வெக்கறேன்" என்றாராம். கதவு சாத்தினால் சாத்திக்கொள்ள வேண்டும், திறந்தால் திறந்து நிற்க வேண்டும், மழைக்கு உப்பி இறுகக்கூடாது. இதற்குமேல் கதவுக்குச் சாஸ்திரம் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

இனி, இந்த வியாசத்துக்கு ஏன் இப்படித் தலைப்புக் கொடுத்தேன் என்பதற்கு வருகிறேன். நம் ஊர்களில் புது வீட்டுக்குக் குடிபோவதற்கு முன்னால் "தச்சுக் கழித்தல்" என்று ஒரு சடங்கு நடத்துவது வாசகர்களுக்குத் தெரிந்ததே. தச்சன் கைபட்ட மரத்தாலும் அவன் வேலையாலும் வீட்டுக்கு ஏதோ தோஷம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். முந்தின இரவில் கோழியறுத்தோ பூசணிக்காய் உடைத்தோ அதைக் கழித்துவிட வேண்டுமாம். அதைப் பெரும்பாலும் தச்சனைக்கொண்டே செய்விப்பார்கள். அதாவது, தன் உழைப்பு தீட்டென்று தன் கையாலேயே அவன் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வேட்டியும் துண்டும் சன்மானம். என் அண்ணன் இதற்கு ஒருநாளும் ஒப்பினதில்லை. "என் வேலையில தோஷமிருந்தா கூலியில பிடிச்சுக்குங்க; கோழியை விட்டுடுங்க" என்பார்.

தச்சனால் வீட்டுக்கு யாதொரு கெடுதியும் ஒட்டுவதில்லை. ஆனால் வீட்டு வேலையால் தச்சனுக்கு ஒரு கெடுதி நிச்சயமாக ஒட்டுகிறது. அதை எந்த ஐயரும் கழிப்பதில்லை. எந்தப் பூசணிக்காயும் உடைக்கப்படுவதில்லை. அதுதான் மரத்தூசி.

2022-ஆம் ஆண்டின் கடைசியில் அண்ணனுக்கு ஒரு பக்கத்து மூக்கு அடைத்துக்கொண்டது. தூசியில் வேலை செய்கிறவனுக்குச் சளி பிடிப்பது சகஜந்தானே என்று அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். பிறகு இரத்தம் கசிந்தது. சொந்தக்காரர்கள் கூடி ஜாதகத்தைப் பார்த்தார்கள். ஏழரைச் சனி என்றார்கள். எள் விளக்கு ஏற்றச் சொன்னார்கள். ஒருவர் கண் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார். இந்தப்படி எட்டு மாதம் போனபின், பெரிய ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதித்து, மூக்கை ஒட்டிய எலும்பறையில் புற்று என்று சொன்னார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆளுங்க?" என்பதல்ல; "என்ன வேலை செய்கிறீர்கள்? எத்தனை வருஷமாக?" என்பது. 40 வருஷமாக அவர் சந்தித்த கேள்விகளில் அதுதான் உருப்படியான கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் ஹை வைகோம்ப் என்று ஒரு ஊர். நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர். அங்கே மூக்கு, தொண்டை வைத்தியம் பார்த்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற பெண் டாக்டர், மற்ற இடங்களில் அபூர்வமாயிருக்கிற ஒரு மூக்குப் புற்று தம்மிடத்தில் வருகிறவர்களுக்கு அதிகமாக இருப்பதையும், அவர்கள் மரவேலைக்காரர்களாயிருப்பதையும் கவனித்தார். அவரும் மற்ற டாக்டர்களும் சேர்ந்து ஆராய்ந்து 1968-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பிறகு அந்நாட்டில் அது தொழில் நோயென்று சட்டப்படி ஏற்கப்பட்டு, நஷ்டஈட்டுக்கு வழி ஏற்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி ஏஜென்சி, மரத்தூசி மனிதருக்குப் புற்று உண்டாக்குவது நிச்சயம் என்று 1995-இல் அச்சிட்டு வெளியிட்டது. புகையிலையையும் கல்நாரையும் வைத்திருக்கிற அதே முதல் வகுப்பில்தான் மரத்தூசியையும் வைத்தது. ஒட்டுப்பலகைப் பசையிலிருந்து வெளிவருகிற பார்மால்டிஹைடையும் 2004-இல் அதே வகுப்பில் சேர்த்தது.

முன்பு கையால் இழைத்த காலத்தில் மரம் சுருள் சுருளாக விழும்; கீழே கிடக்கும்; கூட்டி அள்ளலாம். இப்போது மின்சார ரம்பமும் தேய்க்கும் மிஷினும் வந்து, மரத்தை மாவாக்கிக் காற்றில் பறக்க விடுகின்றன. பறக்கிற மாவு மூக்கில்தான் போய்ப் படியும். மிஷின் கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. மிஷினை வாங்கத் தெரிந்த நமக்கு, அதனோடு தூசி உறிஞ்சுகிற சாதனத்தையும் சேர்த்து வாங்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் குறை.

"தூசிதான் காரணமென்று உனக்குத் திட்டமாகத் தெரியுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மரவேலை செய்கிற எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. மொத்தத்தில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு தனி மனிதனுக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணமென்று நூற்றுக்கு நூறாகச் சொல்ல டாக்டரும் ஒப்பவில்லை. அறிவுள்ளவன் அப்படித்தான் பேசுவான். ஆனால் ஜோசியன் மட்டும் நூற்றுக்கு நூறாகச் சொன்னான்! அவனை நான் ஒன்று கேட்கிறேன். ஏழரைச் சனி தச்சனுக்கு மாத்திரமா பிடிக்கிறது? கணக்குப்பிள்ளைக்கும் பிடிக்கிறது, ஜவுளிக்காரனுக்கும் பிடிக்கிறது, கோயில் குருக்களுக்கும் பிடிக்கிறது. அப்படியானால் சனி கணக்குப்பிள்ளையின் மூக்கை விட்டுவிட்டு, மரம் அறுக்கிறவன் மூக்கையே தேடிப் போய் உட்காருவானேன்? சீமையில் ஜாதகமே எழுதாத நாற்காலிக்காரர்களிடம் போய்க் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்தானேன்? தூசி என்றால் அதைக் குறைக்க முடியும். குறைத்தால் நோயும் குறைகிறதா என்று பார்க்க முடியும். சனியைக் குறைக்க என்ன அளவுகோல்? விதி என்று சொன்னவுடனே பட்டறை முதலாளிக்கும் பொறுப்பில்லை, வீட்டுக்காரனுக்கும் பொறுப்பில்லை, சர்க்காருக்கும் பொறுப்பில்லை. விதியினால் லாபமடைகிறவர்கள் யார் என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

அறுவையும் மின்கதிர் வைத்தியமும் நடந்து, ஒரு வருஷம் இருந்தார். அந்த ஒரு வருஷமும் அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை போய்விட்டது. ஒரு நாள் தேக்குத் துண்டு ஒன்றை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மரமா கல்லான்னே தெரியல தம்பி" என்றார். அவர் குறைப்பட்டுக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். அவர் விருப்பப்படி சடங்கில்லாமல் அடக்கம் செய்தோம். அண்ணியார் தாலியை அறுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள் சும்மா போகவில்லை. பாலிடெக்னிக்கில் படிக்கிற அண்ணன் மகனைப் பார்த்து, "அப்பன் உளி துருப்பிடிக்கலாமா? குலத்தொழிலை விடலாமா?" என்றார்கள். வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். எந்தக் குலம்? அண்ணனுக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் உளியைத் தொட்டவனே கிடையாது! ஒரே ஒரு தலைமுறை ஒரு வேலையைச் செய்ததும் அது குலமாகிவிட்டது. சாதி என்பது பிரம்மாவின் எந்த அங்கத்திலிருந்தும் வரவில்லை. இப்படித்தான் துக்க வீட்டுத் திண்ணையில் பேசிப் பேசி உண்டாக்கப்படுகிறது.

சர்க்கார் காரியமும் சில வேளை இந்தத் திண்ணைப் பேச்சைப் போலவேதான் இருக்கிறது. 2023 செப்டம்பர் 17-இல் மத்திய சர்க்கார், தச்சு முதலான 18 தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் தருவதாக விசுவகர்மா பெயரால் ஒரு திட்டம் ஆரம்பித்தது. கடன் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அதைக் குடும்பப் பரம்பரைத் தொழில்கள் என்று கட்டி வைப்பானேன்? இப்படியே ஏற்பதற்கில்லையென்று தமிழ்நாட்டு அரசு 2024-இல் எழுதிவிட்டு, 2025-இல் அந்தக் கட்டு இல்லாமல் வேறொரு கைவினைத் திட்டம் கொண்டுவந்தது சரியான காரியமேயாகும். என் அண்ணன் மகன் விரும்பினால் தச்சு செய்யட்டும். விரும்பாவிட்டால் அந்த உளிகளை விரும்புகிற எந்த வீட்டுப் பிள்ளைக்காவது, ஆணோ பெண்ணோ, கொடுத்துவிடட்டும். உளி துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் போட்டால் போதும். மகனைப் போட வேண்டியதில்லை.

இனிச் செய்ய வேண்டியது என்ன? இரண்டு மூன்று பேர் வேலை செய்கிற சிறு பட்டறைக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே நாமேதான் ஆரம்பிக்க வேண்டும். மரவேலை செய்கிற தோழர்கள், 2020 கொரோனாக் காலத்தில் எல்லோரும் பழகின என்-95 மாஸ்க்கை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கட்டிக்கொள்ள வேண்டும். தோளில் கிடக்கிற துண்டு நுண்ணிய தூசியைத் தடுக்காது. தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது, உலர்ந்தபடி பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஒரு பக்கத்து மூக்கு நீண்ட நாள் அடைத்திருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, ஜாதகத்தை எடுக்காமல் மூக்கு வைத்தியரிடம் போக வேண்டும். 1982-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994-இல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் கட்டட வேலை செய்கிற தச்சர்களும் பதிவு செய்துகொள்ள இடமிருக்கிறது. பதியாதவர்கள் பதிந்துகொள்ள வேண்டும். வீடு கட்டுகிறவர்கள், தச்சுக் கழிக்கிற செலவில் தச்சனுக்கு மாஸ்க்கும், தூசி உறிஞ்சுகிற மிஷினுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும். சங்கங்கள் இதைக் கூலி ஒப்பந்தத்திலேயே சேர்த்துக் கேட்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் வருஷ திதி கொடுப்பதில்லை. திதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகக்கூடிய பணத்தில், எங்கள் சுற்றுப்பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் மாஸ்க் வாங்கிக் கொடுப்பதென்று அண்ணியார் முடிவு செய்து, 2025-இல் முதல் தடவையாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் கட்டிக்கொண்டார்கள். சிரித்தவர்களிடம் மறுபடியும் போவோம். செத்தவருக்குப் பிண்டம் வைத்தால் காக்கை தின்னும். இருக்கிறவர் மூக்கைக் காப்பாற்றினால் ஒரு குடும்பம் தின்னும். இவற்றில் எது பெரியது என்று முடிவு செய்ய வேதமும் வேண்டாம், சாஸ்திரமும் வேண்டாம். கொஞ்சம் அறிவும் கொஞ்சம் அன்பும் இருந்தால் போதும்.